எல்லாரையும் கேட்டாச்சு

அந்தப் பை மேல மட்டும் காலை வச்சிராதீங்க தம்பி. கத்திரிக்காய். நசுங்குனாக் கறுத்துரும், அப்பறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்ன பிரயோசனம். இருங்க, நான் என் காலுக்கிடையில வச்சுக்கிறேன். நீங்க சன்னலோரமா நல்லாச் சாஞ்சு உக்காருங்க. மதுரை வரைக்குந்தானே? நானும் அங்கதான்.

டாக்டரம்மாவுக்குக் கொண்டுபோறேன். சும்மா கையை வீசிக்கிட்டுப் போய் நிக்கக் கூடாதுல்ல. நீங்களும் ரெண்டு கை எடுத்துக்கங்க. வேணாமா? மருந்தடிச்சதோன்னு யோசிக்கிறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இது வீட்டுச் செடியில பறிச்சது தம்பி. எங்க பக்கம் கத்திரி போடுறவன் எவனா இருந்தாலும் வாய்க்காலோரத்துல ஒரு வரிசைய வீட்டுக்குன்னு விட்டுருவான். அதுல மருந்து படாது. சொத்தை இருக்கும், புழு இருக்கும், அரியும்போது பாத்து எறிஞ்சுட்டு ஆக்க வேண்டியதுதான். சந்தைக்குப் போறது வேற. அதுல ஒரு ஓட்டை தெரிஞ்சாலும் ஒட்டஞ்சத்திரம் கமிசன் கடைக்காரன் மூட்டையோட ஒதுக்கிருவான். அதனால அதுக்கு அடிக்கணும். விடாம அடிக்கணும். அத நாங்க திங்கிறதில்ல.

யாரைப் பாக்கவா? என் தம்பிய. கூடப் பொறந்தவன், அழகுமலைன்னு பேரு. வெயில்ல சுருண்டு விழுந்துட்டான். வெயில்தான். வைகாசி வெயில் இந்த வருசம் என்னமா அடிக்குது, நீங்களே பாக்குறீங்கள்ல. டாக்டருங்க என்னென்னமோ சொல்றாங்க. அவங்களுக்கென்ன, மின்விசிறிக்கு அடியில உக்காந்து சொல்றது.

அவன் வேலையே மருந்தடிக்கிறதுதான். எங்கப்பா பாகம் பிரிக்கையில கெணத்துப் பக்கம் எனக்கு விழுந்துச்சு, கரட்டுப் பக்கம் அவனுக்கு விழுந்துச்சு. விழுந்தது அப்பிடி, யாரு என்ன செய்யிறது. கல்லும் முள்ளுமாக் கெடக்குற கரட்டுல என்னத்த வெளைய வைக்க? அதான் மருந்து டேங்க்கத் தூக்கி முதுகுல மாட்டிக்கிட்டான். ஊருல எவன் காட்டுல புழு விழுந்தாலும் அழகுமலையத்தான் கூப்புடுவாய்ங்க. நல்ல கை அவனுக்கு. ஒரு எலை விடாம நனைப்பான்.

இந்த நேரத்துல போய் இப்பிடி ஆகணுமா? ஊரே நிமிந்து நின்ன நேரம் தம்பி. பேப்பர்லயெல்லாம் போட்டாங்களே, பாக்கலையா? மரபணு மாத்துன கத்திரி வேணாம்னு சொன்ன ஊருன்னு. அது எங்கூருதான். சொன்னவன் நாந்தான். நல்லுச்சாமின்னு என் பேரக்கூடப் போட்டுருந்தான், எழுத்துதான் கொஞ்சம் பொடிசு.

நடந்ததச் சொல்றேன் கேளுங்க. தை கழிஞ்சு ஒரு விதைக் கம்பெனிக்காரன் வந்தான். சின்னப் பையன், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, வெள்ளை பூட்சு. புழுவே விழாத கத்திரி கண்டுபிடிச்சிருக்கோம், உங்கூர்ல ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்துச் சோதனைக்குப் போடுறோம்னான். புழு அந்தக் காயக் கடிச்சா உடனே செத்துருமாம். நான் கேட்டேன், 'ஏப்பா, புழு தின்னாச் சாகும், நான் தின்னா மட்டும் சாகமாட்டனா'ன்னு. 'ஐயா, உங்க வயிறு வேற, புழு வயிறு வேற'ன்னான். 'பசிச்சா ரெண்டும் ஒண்ணுதாண்டா'ன்னேன். டீக்கடையே சிரிச்சுச்சு. அன்னைக்கே அவன் பாதி தோத்துட்டான்.

ஆனா சிரிப்புச் சங்கதி இல்ல தம்பி அது. எங்க கத்திரி பச்சையில வெள்ளை வரி ஓடுற காய். எண்ணெயில போட்டா வெண்ணெயாக் கரையும். அதுக்கு வெதை நாங்களே எடுக்குறோம், எந்தக் கடையிலயும் கெடைக்காது. இவன் கத்திரியப் பக்கத்துக் காட்டுல போட்டான்னு வைங்க, தேனீ சும்மா இருக்குமா? வரப்பு பாத்தா அது பறக்குது? அங்கிட்டு உக்காரும், இங்கிட்டு உக்காரும். அடுத்த வருசம் எங்க வெதையில என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. அப்பறம் அவன் வந்து, உன் காட்டுல இருக்கறது என் சரக்குன்னு சொன்னா? எனக்கு உள்ளபடியே பயம் வந்துருச்சு. பல நாள் சோறு எறங்கல.

ஊர்க்காரங்க சம்மதம் இல்லாம ஒரு செடி நடக்கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறோம், எல்லாரும் வந்து மனசுல பட்டதச் சொல்லலாம்னு ஊருக்குள்ள ஆட்டோவுல மைக் கட்டிக் கூவிட்டுப் போனாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. எங்களுக்கா கேக்கச் சொல்லித் தரணும்? எங்கூரு ஆட்டுக்கிட்டயே சம்மதம் கேட்டு வெட்டுற ஊரு தம்பி.

தெரியும்ல உங்களுக்கு? எந்தூரு நீங்க? கோயமுத்தூரா. சரி, சொல்றேன். கருப்பணசாமிக்குக் கெடா வெட்டுறப்போ, மாலையப் போட்டு நிறுத்தி, தலையில மஞ்சத்தண்ணி தெளிப்போம். கெடா உடம்பச் சிலுப்பித் துலுக்கணும். துலுக்குச்சுன்னா அதுக்குச் சம்மதம், சாமிக்கும் சம்மதம். துலுக்குற வரைக்கும் அருவாள ஓங்கக்கூடாது. எங்க வகையறாவுல தண்ணி தெளிக்கிற உரிமை எளையவனுக்கு. அழகுமலைதான் தெளிப்பான். அவன் ஒரு கிறுக்கன். ஒரு தடவதான் தெளிப்பான். அது துலுக்கலேன்னா முன்னாடி குத்தவச்சு உக்காந்துக்குவான். பொம்பளையாளுக எல்லாம் உலைய வச்சுட்டுக் காத்துக்கெடக்கும், சின்னஞ்சிறுசுக பசியில அழும், இவன் பாட்டுக்கு உக்காந்திருப்பான். 'இன்னொரு சொம்பு ஊத்துடா'ன்னு சத்தம் போட்டா, 'கேட்டாச்சுண்ணே, அது சொல்லட்டும்'பான். ஒரு வருசம் உச்சி சாஞ்சுதான் வெட்டுனோம்.

கூட்டத்துக்கு முன்னாடி நான் வீடு வீடாப் போனேன். ஒரு வீடு விடல. கேளுங்க, எல்லாரையும் கேட்டேன். 'இந்தா பாரு, நாளைக்கு அதிகாரிக வர்றாங்க, வேணாம்னு சொல்லணும், என்ன சொல்றே?'ன்னு கேட்டேன். எல்லாரும் சரின்னாங்க. அதுக்குப் பேரு ஒத்துமை. தம்பி வீட்டுக்குப் போகல. நம்ம வீடுதானே, அங்க என்னத்தப் போய்க் கேட்டுக்கிட்டு.

பள்ளிக்கூடத்துல கூட்டம். அதிகாரியம்மா நல்ல மாதிரி. தண்ணி பாட்டிலக்கூட எங்க பொம்பளைகளுக்குக் குடுத்துட்டுத்தான் தான் குடிச்சாங்க. கம்பெனிப் பையன் சுவத்துல படம் காட்டுனான். நான் எந்திரிச்சேன். வெதையப் பத்திப் பேசுனேன், தேனீயப் பத்திப் பேசுனேன், நம்ம மண்ணை எவன்கிட்டயும் சோதனைக்குக் குடுக்க மாட்டோம்னேன். எனக்கே ஒடம்பு சிலுத்துருச்சு. கைதட்டு நிக்க வெகுநேரம் ஆச்சு.

அந்த நேரம் பாத்து இவன் எந்திரிக்கிறான். அழகுமலை. யாரோ காட்டுல அடிச்சுட்டு நேரா வந்துருக்கான், கைலியெல்லாம் நனைஞ்சு கெடக்கு, கூட்டம் பூரா மருந்து நாத்தம். பக்கத்துல இருந்தவுக மூக்கைப் பொத்துறாங்க. வேர்த்து ஒழுகுது. கை நடுங்குது. வாயோரம் எச்சி. 'அம்மா, எனக்கு ஒண்ணு கேக்கணும்'னு ஆரம்பிக்கிறான், நாக்கு கொழறுது. குடிச்சுட்டு வந்துட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மருந்தடிக்கிறவிங்க எல்லாம் பொழுது சாயத் தள்ளாடிக்கிட்டுத்தான் வருவாய்ங்க. அந்த நாத்தம் தாங்கக் குடிக்கிறாய்ங்கன்னு எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் தப்பா எடுத்துக்கிறதில்ல. ஆனா அதிகாரிக முன்னாடி, அதுவும் நான் பேசி முடிச்ச கையோட? மானமே போச்சு எனக்கு. 'உக்காருடா'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். என் சொல்ல அவன் தட்டுனதே கெடையாது. என்னையப் பாத்தான், உக்காந்துட்டான்.

அந்தம்மா, 'அவர் என்னமோ கேக்க வந்தாரே'ன்னாங்க. 'என் தம்பிதாம்மா, அவனுக்கும் சேத்துத்தான் நான் பேசுனேன்'னேன். சரி, கை தூக்குங்கன்னாங்க. அத்தனை கையும் மேல போச்சு. அவன் கையும் போச்சு தம்பி, நான் பாத்தேன். பக்கத்துல இருந்தவன் முழங்கையப் புடிச்சுத் தூக்கிவிட்டான்தான், ஆனாப் போச்சுல்ல. ஏகமனதா முடிவுன்னு அந்தம்மா மைக்குல படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

நல்லபடியா முடிஞ்சாக் கெடா வெட்டுறேன்னு நான் வேண்டியிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பிடிச்சுக் கொண்டாந்து நிறுத்துனோம். நல்ல கருங்கெடா. அழகுமலை சொம்பைத் தூக்குறான், கை நிக்க மாட்டேங்குது, தண்ணி பாதி அவன் மேலயே கொட்டுது. சாமி காரியத்துக்குமா குடிச்சுட்டு வருவான்னு எனக்குக் கோவம். சொம்பைப் புடுங்கிட்டேன். நான் தெளிச்சேன். கெடா அசையல. இன்னொரு தடவ தெளிச்சேன், மரமா நிக்குது. ஊரே மொணங்க ஆரம்பிச்சுருச்சு, சாமிக்குப் பிடிக்கலையோ, முடிவு தப்போன்னு. அத வளர விடலாமா? கொம்பைப் புடிச்சுச் சாச்சு, காதுக்குள்ள மடமடன்னு ஊத்துனேன். துலுக்கிருச்சு. துலுக்காம எங்க போகும். கொலவை போட்டாய்ங்க, வெட்டியாச்சு. அழகுமலை கறி திங்கல. வயித்தப் பெரட்டுதுன்னு போய்ப் படுத்துக்கிட்டான்.

செம்பட்டி தாண்டிருச்சா? சீக்கிரமாத்தான் போறான்.

அப்பறம் வைகாசி முகூர்த்தம் வந்துச்சு. கத்திரிக்கு அந்தச் சமயம்தான் சமயம், எல்லாக் கல்யாண வீட்டுலயும் சாம்பாருக்கு அதான். என் காட்டுல காய் தொங்குது, அதே நேரம் புழுவும் தொங்குது. அழகுமலையக் கூப்புட்டேன். 'அண்ணே, ஒடம்பு சரியில்ல, ரெண்டு நாள் போகட்டும்'னான். 'ரெண்டு நாள் போனா முகூர்த்தமும் போயிரும்டா'ன்னேன். 'கொஞ்சம் தூக்கலாவே கலந்து அடி, ஒரே அடியா முடிஞ்சுரும்'னேன். எல்லாரும் சொல்றதுதான் தம்பி, நான் ஒண்ணும் புதுசாச் சொல்லிரல. அடிச்சான். காத்து எதுத்தாப்புல அடிச்சுச்சு. கடைசி வரிசையில, வாய்க்காலுக்குப் பக்கத்துல விழுந்தான். விழுகுறப்பவும் டேங்க்க அந்தப் பக்கமாச் சாச்சுருக்கான், வீட்டுச் செடியில ஒரு சொட்டுப் படல. அதைத்தான் இப்பப் பறிச்சுட்டு வர்றேன்.

கூட இருந்தவிங்க தூக்கி வேப்பமரத்தடியில படுக்க வச்சாய்ங்க. போதை தெளியட்டும்னு விட்டுட்டாய்ங்க. நானும் வந்து பாத்தேன். நொரை தள்ளுது, ஒடம்பு வெடுக்கு வெடுக்குன்னு துள்ளுது. மோரை வாங்கியாங்கடா, தெளிஞ்சுரும்னேன். காய் பறிக்க ஆள் வந்து நிக்குது, நான் அந்தப் பக்கம் போயிட்டேன்.

அவன் பொண்டாட்டி சிலம்பாயி ஓடி வந்துச்சு. வந்த வேகத்துல அவன் வாயில மூக்க வச்சு மோந்து பாத்துச்சு. நிமிந்து எங்க எல்லாரையும் ஒரு பார்வை பாத்துச்சு. 'இந்த மனுசன் குடிய விட்டு ரெண்டு வருசமாச்சு, ஒருத்தருக்கும் தெரியாதா'ன்னுச்சு. எனக்குத் தெரியாது தம்பி. நெசமாத் தெரியாது. அவன் சொல்லலையே. காய் ஏத்த வந்த வேனுல மூட்டைய எறக்கிட்டு அவனப் போட்டுக்கிட்டுப் போனோம். ஒட்டஞ்சத்திரத்துல பாத்துட்டு, மதுரைக்குக் கொண்டுபோயிருங்கன்னுட்டாங்க.

டாக்டரம்மா அவன் கண்ணத் தெறந்து லைட் அடிச்சுக் காட்டுனாங்க. கண்ணுப் பாப்பா கடுகாச் சுருங்கிக் கெடக்கு. இது ஒரு நாள்ல ஏறுனதில்ல, ரொம்ப நாளா ஏறியிருக்கு, கை நடுங்கியிருக்குமே, நாக்கு கொழறியிருக்குமே, கவனிக்கலையான்னு கேட்டாங்க. நான் வெயில்னு சொன்னேன். அந்தம்மா என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. அதான் இன்னைக்குக் காய் கொண்டுபோறேன்.

சிலம்பாயி அங்க வராந்தாவுல, அத்தனை பேரு முன்னாடி, என்னைய நிக்க வச்சுக் கேட்டுச்சு. மூத்தாருன்னு ஒரு மட்டு மரியாதை வேணாமா? தலை நிமிந்து என்கிட்டப் பேசாத புள்ள அது. 'ஊரெல்லாம் கேட்டீகளே மாமா, இவரக் கேட்டீகளா?'ன்னுச்சு. 'அன்னைக்கு என்னத்தக் கேக்க எந்திரிச்சாருன்னு தெரியுமா? அந்தக் கத்திரிக்கு மருந்தடிக்கணுமா வேணாமான்னு. அது ஒண்ணுதான். ராத்திரியெல்லாம் அதச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுப் படுத்தாரு, கூட்டத்துல தடுமாறக் கூடாதுன்னு'ன்னு சொல்லுச்சு.

இதக் கேக்க எதுக்குக் கூட்டம்? வீட்டுல வந்து என்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?

என்ன சொல்லியிருப்பேனா? என்ன தம்பி நீங்களும். எனக்கு எப்பிடித் தெரியும். அந்தக் கம்பெனிப் பையன் மருந்து கொறச்சலா அடிச்சாப் போதும்னு என்னமோ சொன்னான்தான், நான் சரியாக் காதுல வாங்கல. நான் தேனீயப் பத்தி நெனச்சுக்கிட்டு இருந்தேன். தேனீ சங்கதியும் பொய்யில்லையே. வெதை போச்சுன்னாப் போனதுதானே. அது தப்பா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. சரி விடுங்க.

இப்ப என்னன்னா, இந்தச் சங்கதி அதிகாரியம்மா காதுக்குப் போயிருச்சு. மறுபடி கூட்டம் வைக்கிறாங்களாம். மருந்தடிக்கிறவிங்கள, களையெடுக்குற பொம்பளைகள, தனியா உக்கார வச்சுக் கேக்கணுமாம். தனியா எதுக்கு? நாங்க என்ன ரெண்டு ஊரா? கோயில்ல கூடிப் பேசுனோம். அழகுமலை வாயால சம்மதம்னு ஒரு வார்த்த வந்துட்டா எல்லாம் அடங்கிரும்னாய்ங்க. நீயே போய்க் கேட்டுட்டு வா நல்லுச்சாமி, உன் சொல்லத் தட்டமாட்டான்னு அனுப்பி வச்சாய்ங்க. எதுக்கும் ஒரு சாட்சியா இருக்கட்டும்னு செல்போன்ல படம் புடிச்சுட்டு வரச் சொல்லியிருக்காய்ங்க. எனக்கு அது எடுக்கத் தெரியாது. அங்க யாராச்சும் எடுத்துக் குடுப்பாங்க. நீங்க ஆஸ்பத்திரிப் பக்கமாப் போறீங்களா? இல்லையா. சரி.

பயமாத்தான் இருக்கு தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. போன தடவ போனப்போ கண்ணத் தெறந்தான். என்னையப் பாத்து எந்திரிக்கப் பாத்தான் பாருங்க, படுக்கையில இருந்து. அண்ணன் நிக்கிறாருன்னு. நர்சம்மா அமுக்கிப் படுக்க வச்சாங்க. வெளிய வந்து அழுதேன். அவன் இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா. அவன் நல்லா வந்துரட்டும், டேங்க்கத் தூக்கிக் கெணத்துல போட்டுர்றேன்னு கருப்பணசாமிகிட்டச் சொல்லிட்டு வந்துருக்கேன். மருந்தடிக்க வேற ஆள் பாத்துக்குறேன். கரட்டு மேட்டுல ஒரு பையன் இருக்கான், ஏதோ வேலை கெடைச்சாச் சரின்னு திரியுறான்.

இந்தா, ஆரப்பாளையம் வந்துருச்சு. பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பாத்து, பாத்து. நீங்க ஒரு காய்கூட எடுக்கலையே.

பேசுவானாவா? பேச மாட்டான். வாயில குழாய் மாட்டியிருக்கு, சத்தம் வராது. அதனால என்ன. 'நீயும் ஊரோடதானடா, உனக்கும் சம்மதந்தானடா'ன்னு நான் கேப்பேன். தலைய ஆட்டுனாப் போதும். ஒரு தடவ கேட்டு ஆட்டலேன்னா மறுபடி கேப்பேன். காதுகிட்டக் குனிஞ்சு கேட்டா ஆட்டாமயா போயிருவான்.